வினை முழங்கையில் இருந்தது

சேசு மரி சூசை துணை

ஃபீனிக்ஸ் பே,
போர்ட் பிளேயர்.
பிப்ரவரி 1968

அன்பு மகன் வேதநாயகத்துக்கு அம்மா ஆசீரோடு எழுதிக்கொண்டது. ஆண்டவர் கிருபையால் இங்கே நாங்கள் இருவரும் சுகம். இந்த முறை அந்த வார்த்தையை வாய்ப்பழக்கத்துக்கு எழுதவில்லை, நிஜமாகவே சுகம். நீயும் மருமகள் ஆரோக்கியசெல்வியும் நான் இன்னும் கண்ணால் பார்க்காத என் பேரனும் பெரம்பூரில் அப்படியே இருக்க மாதாவை மன்றாடுகிறேன். உன் கடிதம் போன கப்பலில் வந்தது, பக்கம் பக்கமாகக் கோபம்தான். பிள்ளை பிறந்து இத்தனை மாதமாகியும் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை என்று உங்கள் பங்குச் சாமியார் பிரசங்கத்திலேயே குத்திக்காட்டினார் என்றும், அப்பா வந்து ஞானத்தகப்பனாக நின்று பிள்ளையைக் கையில் ஏந்தினால்தான் தண்ணீர் ஊற்றுவது என்று நீ அவரிடமே சொல்லிவிட்டாய் என்றும் எழுதியிருந்தாய். நீ மெயின்லாண்டில் வேலை தேடிக்கொண்டு போனதையும் மாமனார் வீட்டு மாடியில் குடியிருப்பதையும் அப்பா மன்னிக்கவில்லை, அதனால்தான் ஒரு வரிகூடத் தன் கையால் எழுதுவதில்லை, உன் மாமனாரையே ஞானத்தகப்பனாக நிறுத்தச் சொல்லி என்னை எழுத வைத்தார், என் பிள்ளையைத் தொடக்கூட அவருக்கு மனசில்லையா என்று கேட்டிருந்தாய். அதை அப்பாவே வாசித்தார். வாசித்துவிட்டு, பயல் எழுதினதில் தப்பில்லை என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முதலில் நல்ல சேதியைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ மீதியைப் பதறிப் பதறி வாசிப்பாய். அப்பா வருகிறார். லீவு கிடைத்துவிட்டது, அடுத்த கப்பலில் நாங்கள் இருவரும் வருகிறோம், உன் பிள்ளையை அவர்தான் ஏந்துவார்.

அவருக்கு உன் மேல் கோபம் இல்லை ராசா. கோபம் என்று நானும்தான் நினைத்தேன், அதனால் உன்னைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. போன மழைக்காலத்தில் ஆரம்பித்தது. லாஞ்சு டூட்டிக்குக் கிளம்பும்போது வலது கையால் சட்டைப் பொத்தான் போட வரவில்லை, நான் போட்டுவிட்டேன், கலியாண மாப்பிள்ளைக்குக்கூட இவ்வளவு உபசாரம் கிடையாது என்று கேலியும் செய்தேன். பிறகு பேனா விரலில் நிற்கவில்லை, கோணல்மாணலாக எழுதிக் கிழித்துப் போட்டார், கடிதமெல்லாம் இனி நீயே எழுது என்று என்னிடம் தள்ளிவிட்டார். செபமாலை சொல்லும்போது மணி கைதவறிக் கைதவறி எந்த மணியில் நிற்கிறோம் என்று தெரியாமல் முதலிலிருந்து தொடங்குவார். கேட்டால் கை மரத்துக் கிடக்கிறது, வாதமாக இருக்கும் என்றார். எனக்கு அது போதாதா, ஆமணக்கு இலையை வதக்கி முழங்கையில் வைத்து, பழைய சீலையைக் கிழித்து, அசைய முடியாதபடி இறுக்கிக் கட்டினேன். காலையில் அவிழ்த்தால் விரல் இன்னும் மோசம். சரியாகக் கட்டவில்லை போலும் என்று மறுநாள் இன்னும் இறுக்கிக் கட்டினேன். பக்கத்து வீட்டு வங்காளக்காரி, நாம் பங்காளி மாசி என்று கூப்பிடுகிறவளை உனக்கு ஞாபகம் இருக்கும், அவள் வந்து பார்த்துவிட்டு நஸ் தப் கயா, நரம்பு அமுங்கிவிட்டது என்றாள். அவளுக்கு யாருக்கு என்ன வந்தாலும் நஸ் தப் கயாதான், எனக்குப் பல்வலி வந்தபோதும் அதையே சொன்னாள், அதனால் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு அப்பா நடந்துகொண்ட விதம்தான் எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு எனாமல் தட்டைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டார். நான் சாப்பிட்டு எழுந்த பிறகு பின்வாசலில் உட்கார்ந்து தானே போட்டுச் சாப்பிட்டுத் தானே கழுவுவார். படுக்கையைத் தூக்கிக்கொண்டு வராந்தாவுக்குப் போனார், புழுக்கம் என்றார், மழை சாரலடிக்கும்போது என்ன புழுக்கமோ. மாசியின் பேத்தி ஓடிவந்து காலைக் கட்டினால் எழுந்து நகர்ந்துவிடுவார். கோவிலிலும் கடைசி பெஞ்சு. வாசலில் தீர்த்தத் தொட்டியில் விரலை நனைக்காமல் சும்மாவே சிலுவை போட்டுக்கொண்டு உள்ளே போனதை நானே பார்த்தேன். ஏதோ பாவத்தை மனதில் வைத்துக்கொண்டு பாவசங்கீர்த்தனம் செய்யாமல் இருக்கிறார், மகன் மேல் உள்ள கோபம்தான் அந்தப் பாவம் என்று நானாகவே முடிவு கட்டிவிட்டேன். அந்த நினைப்பில் அவரிடம் இரண்டொரு வார்த்தை கடுமையாகவும் பேசினேன், அவர் தலை குனிந்து கேட்டுக்கொண்டார்.

கிறிஸ்துமஸ் கழிந்து ஒரு நாள் கஞ்சிப் பானையை அடுப்பிலிருந்து அவரே இறக்கி வைத்தார். பிடிதுணி நழுவிப் பானை விளிம்பு கையில் பட்டிருக்கிறது. அவர் பாட்டுக்கு உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார், சுண்டுவிரல் முழுக்கக் கொப்புளம். ஐயோ இது என்ன என்று நான் கையைப் பிடித்ததும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றார். பிறகு சொன்னார். "தொடாதளா. எங்க சின்னையாவுக்கும் இப்படித்தான் சுண்டுவிரல்லருந்து ஆரம்பிச்சுது." எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, அவருக்கு ஒரு சின்னையா இருந்ததே எனக்குத் தெரியாது. இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியும் அந்தப் பெயர் ஒரு நாள் கூட அவர்கள் வீட்டில் யார் வாயிலும் வந்ததில்லை.

அப்பாவின் அப்பாவுக்கு ஒரு தம்பி இருந்திருக்கிறார், சவரிமுத்து என்று பெயர். ஊரில் வள்ளத்தில் போய்க்கொண்டிருந்தவர். அவருக்குச் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்து, பிறகு மடங்கி, உள்ளங்கைப் பக்கமாகச் சுருண்டுகொண்டதாம். பெருநோய் என்று ஊர் சொல்லிவிட்டது. யாரும் வைத்தியரிடம் கொண்டுபோகவில்லை, வெளியே தெரிந்தால் வீட்டுப் பெண்களை யாரும் எடுக்கமாட்டார்கள் என்று உடைமரக் காட்டுக்குள் ஒரு குடிசை போட்டு அங்கே வைத்துவிட்டார்கள். அப்பா அப்போது சிறு பிள்ளை, கஞ்சிச் சட்டியைக் கொண்டுபோய் ஒரு கல்லின் மேல் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும் என்று உத்தரவாம். அங்கேயே கிடந்து அவர் செத்துப்போனார். அதே விரல், அதே மரப்பு, அதே மடக்கம் தன் கையில் வந்ததும் அப்பா வேறு எதுவும் யோசிக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் எழுதிவிடுவார்கள், லாஞ்சில் சுக்கான் பிடிக்கிற வேலையிலிருந்து இறக்கிவிடுவார்கள், கவர்ன்மெண்டு குவார்ட்டர்ஸும் போய்விடும் என்று பயம். அதைவிடப் பெரிய பயம் உன் பிள்ளை. பிறந்த குழந்தையை இந்தக் கையில் எப்படி ஏந்துவது, ஏந்தாமல் இருக்க என்ன காரணம் சொல்வது, அப்பன் கல்நெஞ்சன் என்று மகன் நினைத்துக்கொண்டு போகட்டும், பிள்ளை நன்றாக இருந்தால் போதும் என்று இருந்துவிட்டாராம். பேனா பிடிக்க வந்த நாட்களில்கூட எழுதாமல் இருந்தது, அந்தக் காகிதம் உங்கள் வீட்டுக்குள் வரும் என்பதால்தான். இதைக் கேட்டு நான் அழுதேன். அழுது முடித்ததும் எனக்குக் கோபம் வந்தது பார், அப்படி ஒரு கோபம். என்னிடம் சொல்லாமல் தனியாகத் தட்டு கழுவிக்கொண்டிருந்தாரே என்று அந்த எனாமல் தட்டை எடுத்து அதிலேயே சோறு போட்டு அவர் எதிரில் உட்கார்ந்து நான் சாப்பிட்டேன். வேண்டாம் வேண்டாம் என்று கெஞ்சினார், நான் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரிக்கு மட்டும் அசையவில்லை. புதிதாக வந்திருக்கும் டாக்டர் சிவஞானம் நம்மூர்ப் பக்கம்தான், தஞ்சாவூர்க்காரர். வாரம் தவறாமல் எதிர்க்கரையில் ஹோப் டவுன் டிஸ்பென்சரிக்கு அப்பாவின் லாஞ்சில்தான் போய்வருவார். ஆள் வரமாட்டேன் என்றால் டாக்டரை ஆளிடம் அனுப்பிவிடுவது என்று தீர்மானித்து, படகுத்துறையில் லாஞ்சுக்குக் காத்து நின்றவரிடம் குடையைப் பிடித்துக்கொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். அன்றைக்கு அவர் பெஞ்சில் உட்காரவில்லை, நேரே சுக்கான் அறைக்கு ஏறிப்போய் அப்பாவின் பக்கத்தில் நின்றுகொண்டு போகவும் வரவும் வேடிக்கை பார்த்திருக்கிறார். உன் அப்பாவின் நிற்கிற தோரணை உனக்குத் தெரியாததா, சக்கரத்தில் இடது கை, வலது முழங்கையை ஜன்னல் கட்டையில் ஊன்றிக் கன்னத்தில் கையை வைத்தபடிதான் கடலைப் பார்ப்பார். எல்லாச் சுக்கானிகளும் அப்படித்தான், ஆனால் அந்தப் பழைய லாஞ்சில் இன்ஜின் ஓடும் நேரமெல்லாம் ஜன்னல் கட்டை நடுங்கிக்கொண்டே இருக்கும். இறங்கும்போது டாக்டர் அப்பாவிடம், மிக்கேல், நாளைக்குக் காலையில் என் ரூமுக்கு வாங்க, பேர் பதிய வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாராம். டாக்டர் சாப் கூப்பிட்டால் போகாமல் இருக்க முடியுமா, நான்தான் சொல்லிக்கொடுத்தேன் என்று தெரிந்துகொண்டே என்னையும் முறைத்துக்கொண்டு கிளம்பினார்.

நானும் கூடப் போனேன். சட்டையைக் கழற்றச் சொல்லி முதுகு, தொடை, காது மடல் எல்லாம் வெளிச்சத்தில் நிறுத்திப் பார்த்தார், தேமல் மாதிரி உணர்ச்சியற்ற இடம் ஏதாவது இருக்கிறதா என்று. கழுத்திலும் முழங்காலுக்குப் பக்கத்திலும் நரம்பைத் தடவிப் பார்த்தார். அந்த நோயென்றால் நரம்பு கயிறு மாதிரித் தடித்திருக்குமாம், இவருக்கு எங்கும் தடிக்கவில்லை. கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் விரல் விரலாகத் தொட்டார். சுண்டுவிரலில் ஒன்றும் தெரியவில்லை. மோதிரவிரலில்தான் அதிசயம், சுண்டுவிரல் பக்கத்துப் பாதி மரத்திருக்கிறது, நடுவிரல் பக்கத்துப் பாதியில் பஞ்சு பட்டதும் தெரிகிறது. ஒரே விரலில் கோடு கிழித்த மாதிரி. பிறகு கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு காகிதத்தைப் பிடிக்கச் சொல்லி இழுத்தார், அப்பாவால் பிடித்து நிறுத்த முடியவில்லை. கடைசியாக முழங்கையின் உட்பக்கத்து எலும்புக்குப் பின்னால் விரலால் தட்டினார், அப்பா துள்ளி விழுந்தார், சுண்டுவிரல் வரைக்கும் கரண்டு ஓடினதாம். ஆனாலும் சந்தேகம் வைக்கக் கூடாது என்று காது மடலைச் சுரண்டி எடுத்துக் கண்ணாடித் துண்டில் தடவிச் சோதனைக்கு உள்ளே அனுப்பினார். அது வரும்வரை நாங்கள் வெளியே பெஞ்சில் இருந்தோம். அப்பா ஒரு ஓரத்தில், நான் அவரை ஒட்டி. அவர் நகர நகர நானும் நகர்ந்தேன், பெஞ்சு முடிந்துவிட்டதால் அதற்கு மேல் அவரால் போக முடியவில்லை.

டாக்டர் தானே வெளியே வந்து சொன்னார். "பெரியவரே, இது குஷ்டம் இல்ல. முழங்கையில நரம்பு அமுங்கியிருக்கு, அவ்வளவுதான்." நாம் எங்கேயாவது முழங்கையை இடித்துக்கொண்டால் சுர்ரென்று விரலுக்கு ஏறுமே, அந்த நரம்புதானாம். எலும்புக்குப் பின்னால் ஒரு சின்னப் பள்ளத்தில் தோலுக்கு அடியிலேயே ஓடுகிறது. கையை மடக்கினால் அது இழுபடும், ஊன்றினால் நசுங்கும். அப்பா பகலெல்லாம் நடுங்குகிற கட்டையில் ஊன்றிக்கொண்டு நிற்பார், இரவெல்லாம் கையை மடக்கித் தலைக்கு அடியில் வைத்துத் தூங்குவார், நடுவில் அகப்பட்ட நேரத்தில் நான் இலை வைத்து இறுக்கிக் கட்டினேன். அந்த நரம்புக்கு மூச்சுவிட நேரமே கிடைக்கவில்லை. என் இலைக்கட்டைப் பற்றிச் சொன்னபோது டாக்டர் வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டது எனக்குத் தெரிந்தது, போகட்டும். அப்பா நோயைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. குழந்தையைத் தூக்கலாமா என்று மட்டும் கேட்டார். தாராளமாகத் தூக்கலாம், ரொம்ப நேரம் முழங்கையை மடக்கி வைத்துக்கொண்டே நிற்காதீர்கள் என்றார் டாக்டர். அப்பா ஆஸ்பத்திரி வாசலில் நின்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அவ்வளவு பேர் போகிற வருகிற இடத்தில் இவர் என் கையைப் பிடித்தது இதுதான் முதல் தடவை, எனக்கு வெட்கமாகவும் இருந்தது, விடவும் மனமில்லை.

வைத்தியம் பெரிதாக ஒன்றுமில்லை, சொன்னபடி கேட்க வேண்டும், அதுதான் உன் அப்பாவுக்குக் கஷ்டம். முழங்கையை எங்கேயும் ஊன்றக் கூடாது. ஜன்னல் கட்டைக்குப் பஞ்சு வைத்துத் தைத்துக் கொடுத்திருக்கிறேன், அதிலும் ஊன்றக் கூடாது, தவறி ஊன்றினால் அடிபடாமல் இருக்கத்தான். தூங்கும்போது கை மடங்காதபடி ஒரு துண்டைச் சுருட்டி முழங்கையைச் சுற்றித் தளரக் கட்டவேண்டும், தளர என்று டாக்டர் என்னைப் பார்த்தே அழுத்திச் சொன்னார். கையை விறைப்பாக நீட்டிக்கொண்டு கட்டிலில் கிடப்பதைப் பார்த்தால் ரோட்டில் கை காட்டுகிற போலீஸ்காரர் தூங்குகிற மாதிரி இருக்கிறது. சுடுகிற எதையும் இடது கையால் தொட்டுப் பார்த்த பிறகுதான் வலது கையால் தொட வேண்டும். விரல்களை விரித்து மடக்கச் சொல்லியிருக்கிறார், மாத்திரையும் கொடுத்திருக்கிறார். கொஞ்ச நாளில் விரலில் எறும்பு ஊர்கிறது என்று அப்பா பயந்துபோய்ச் சொன்னார், டாக்டரிடம் ஓடினால் அது நல்ல அடையாளம், நரம்பு விழிக்கிறது என்றார். நிச்சயமாகத் தெரியும்வரை உனக்கு எழுதாதே என்று அப்பா தடுத்ததால்தான் இவ்வளவு தாமதம். இப்போது பஞ்சு பட்டால் சுண்டுவிரலில் தெரிகிறது. பொத்தான் இன்னும் நான்தான் போடுகிறேன், கட்டைவிரலுக்குப் பக்கத்தில் சதை வற்றிப் பள்ளம் விழுந்தது நிரம்ப ரொம்ப நாளாகுமாம். மழைக்காலம் வரைக்கும் பார்த்துவிட்டு, பிடி வராவிட்டால் மெட்ராஸில் ஆபரேஷன் செய்து அந்த நரம்பை எலும்புக்கு முன்பக்கமாக மாற்றி வைத்துவிடலாம், அதற்கு நல்ல டாக்டர்கள் அங்கே இருக்கிறார்கள் என்றார், நீ இப்போதே விசாரித்து வை. பங்காளி மாசிதான் இப்போது பெரிய வைத்தியர் ஆகிவிட்டாள், நான் அப்பவே சொன்னேனே என்று கராச்சர்மா ஊர் வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். நீயும் ஆபீஸில் மேசையில் முழங்கையை ஊன்றிக் கன்னத்தில் கை வைத்துத்தான் உட்காருவாய் என்று மருமகள் ஒரு தடவை எழுதியிருந்தாள், அதை இன்றோடு விட்டுவிடு. மருமகள் பச்சை உடம்போடு குளிர்ந்த தண்ணீரில் துணி துவைக்க வேண்டாம், நான் வந்து பார்த்துக்கொள்கிறேன். அவளுக்குப் பிடித்த கருவாடு எடுத்து வைத்திருக்கிறேன், கப்பலில் மற்றவர்கள் திட்டாதபடி எண்ணெய்த் துணியில் சுற்றியாகிவிட்டது.

இனி எழுதப்போவதை நீயும் மருமகளும் சேர்ந்து வாசியுங்கள். நோய் இல்லை என்று தெரிந்த பிறகு அப்பா சந்தோஷமாகத்தான் இருந்தார், ஆனால் சாப்பிடும்போது நடுவில் கையை நிறுத்திவிட்டு எங்கேயோ பார்ப்பார். மறுபடி டாக்டரிடம் போனபோது அங்கே வைத்துக் கேட்டார், எங்கள் சின்னையா ராத்திரி பகல் துடுப்புப் போட்டவர், அவருக்கும் இதே நரம்புதான் அமுங்கியிருக்குமோ என்று. டாக்டர், பார்க்காமல் எப்படிச் சொல்வது, அதுவாகவும் இருக்கலாம், இதுவாகவும் இருக்கலாம் என்றார். குஷ்டமாகவே இருந்தாலும் இன்றைக்கு மாத்திரை இருக்கிறது, யாரையும் காட்டில் கொண்டுபோய்ப் போட வேண்டியதில்லை என்றும் சொன்னார். அப்பா வீட்டுக்கு வந்து, அவரை யாரும் தொட்டுக்கூடப் பார்க்கலையே ரோசலின் என்று சொல்லிச் சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியவில்லை, கூட உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான்.

ஞானத்தகப்பன்தான் பெயர் சொல்ல வேண்டும் என்பது நம் வழக்கம். நீங்கள் ஏதாவது பெயர் நினைத்து வைத்திருப்பீர்கள், அதை மாற்றச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அப்பா மனதில் ஒரே ஒரு பெயர்தான் இருக்கிறது. சவரிமுத்து. முதலில் நான் ஒத்துக்கொள்ளவில்லை, பச்சைப் பிள்ளைக்கு அந்தப் பெயரா என்று சண்டை போட்டேன். அப்புறம் யோசித்துப் பார்த்தேன், வீட்டுக்குள் ஒருவர் வாயாலும் கூப்பிடப்படாமலே ஒரு மனுஷன் செத்துப்போயிருக்கிறான், அந்தப் பெயரைச் சொல்லி ஒரு பிள்ளையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு நாள் முழுக்கக் கூப்பிட்டால் என்ன குறைந்துவிடும். பெற்றவர்கள் நீங்கள், உங்கள் மனதுக்குச் சரியென்றால் செய்யுங்கள், இல்லையென்றால் அப்பா ஒரு வார்த்தை சொல்லமாட்டார், எந்தப் பெயர் வைத்தாலும் சந்தோஷமாக ஏந்துவார்.

ஆண்டவர் உங்கள் மூவரையும் தம் கைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும், மாதா உங்கள் வீட்டு வாசலைவிட்டு நகராதிருக்கட்டும், மருமகளுக்கும் பேரனுக்கும் என் முத்தங்கள், சம்பந்தி வீட்டாருக்கு எங்கள் இருவரின் தோத்திரம். கப்பல் வருகிற நாளை விசாரித்துக்கொண்டு துறைமுகத்துக்கு வந்துவிடு. மறக்காமல் பிள்ளையையும் கொண்டு வா, வெயிலென்று வீட்டில் விட்டுவிட்டு வராதே, கோவில் வரைக்கும் காத்திருக்க உன் அப்பாவால் முடியாது.

உன் அம்மா
ரோசலின்